கைக்கேற்ற கைத்துப்பாக்கி

உடையினுள் மறைத்து வைத்துக்கொள்ளத்தக்க சிறிய கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது எளிது என்றும், பெரியதைக் கையாளத் தெரியாதவர்கூடச் சிறியதைக் கையாண்டுவிடலாம் என்றும் ஒரு பிரமை, நம் நாட்டில் லைசென்ஸ் வைத்திருப்போரிடையே நெடுங்காலமாக நிலவிவருகிறது. சென்னையில் ஓர் ஆயுத வியாபாரியின் பட்டறையில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து, கண் முன்போல் நுணுக்க வேலைக்கு இசைந்து வராத காரணத்தால் இவ்வாண்டு ஓய்வு பெற்றவன் என்ற யோக்கியதையில் சொல்கிறேன்: கைத்துப்பாக்கி சிறுக்கச் சிறுக்க, அதைச் செய்வது கடினம், சுடுவது கடினம், பழுதில்லாமல் காப்பாற்றி வருவது எல்லாவற்றிலும் கடினம்.

இதை எழுதும்படி என்னைத் தூண்டியது, நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர் கடைக்கு வந்த ஓர் இளைஞரின் பேச்சு. லைசென்ஸ் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இருக்கிறதிலேயே சின்னதா, லேசா எடுங்க" என்றார். முதலில் கையைக் காட்டும்படி நான் கேட்டதற்கு, "அதெல்லாம் அந்தக் காலம், மேஸ்திரி. இப்ப வர்றதுக்கு மெக்கானிக்கே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கல்லாப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவ்விதம் பேசும்படி அவரைப் பழக்கிய வியாபார முறையின்மீது உண்டு.

நம் நாட்டு நிலைமையை விஸ்தரிக்க வேண்டியதில்லை. தடை செய்யப்படாத துளையளவு (என்.பி.பி.) என்ற எல்லைக்குள் தனிமனிதருக்கு வாய்ப்பது பெரும்பாலும் .32 ஒன்றே, அதிலும் பிஸ்டலின் தோட்டா வேறு, ரிவால்வரின் தோட்டா வேறு. 1980-களின் நடுவில் தனியாருக்கான இறக்குமதி நின்றுபோன பிறகு, அதற்குமுன் வந்து சேர்ந்த வால்தர்களும் பிரௌனிங்குகளும் கோல்ட்டுகளும் வெப்ளிகளும் கைமாறிக் கைமாறி, முதலில் வாங்கியவர் கனவிலும் எண்ணாத விலைக்கு ஏறிவிட்டன. கான்பூர் ஆலையின் ரிவால்வரும் அரசு ஆலையின் அஷனி பிஸ்டலும் அவ்விடத்தை ஓரளவு நிரப்பின. பெண்களை உத்தேசித்து 2014-இல் டைட்டேனியக் கலப்பு உலோகத்தில், சுமார் அரைக் கிலோ எடையில், 'நிர்பீக்' என்ற ரிவால்வர் கான்பூரிலிருந்து வெளிவந்தபோது, அதன் விலை ஒரு லட்சத்து இருபதினாயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தும், எடை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அதை விசாரித்து வந்தவர்கள் பலர். எடை குறைந்தால் உதைப்பு கையில் கூடும் என்பதை அவர்களில் ஒருவரேனும் எண்ணிப் பார்த்து வந்ததாக எனக்கு நினைவில்லை. மேலும், ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது 2019-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தால் இரண்டாகக் குறைந்துவிட்டபடியால், தேர்வில் பிசகியவர் அதைத் திருத்திக்கொள்ளும் சந்தர்ப்பமும் சுருங்கிப் போயிற்று.

கையைப் பார்ப்பது ஏன் என்று கேட்பவர்களுக்காகச் சில வார்த்தைகள். .32 பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றுக்குக் குழலையும், அதன்மேல் முன்பின் நகரும் ஸ்லைடையும் பிணைக்கும் பூட்டு என்று ஒன்று கிடையாது. ஸ்லைடின் எடையும் சுருள்வில்லின் விறைப்புமே வெடியின் பின்விசையைத் தாங்கிக்கொள்கின்றன. ஆகவே ஸ்லைடு சிறுத்து எடை குறையும்போது வில் விறைத்தாக வேண்டும். வில் விறைத்தால், மூட்டுவலியுள்ள கையும் வலுக்குறைந்த கையும் அதைப் பின்னுக்கு இழுக்க முடியாமல் திணறும். இன்னொரு பக்கம், வால்தர் பி.பி.கே. போன்ற அழகான பிஸ்டலைச் சதைப்பிடிப்பான பெரிய கை பற்றினால், பின்னோக்கி வரும் ஸ்லைடு கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதையைக் கீறிவிடும். குறிபார்ப்பதிலோ கணக்கு இன்னும் கடுமையானது: முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள இடைவெளி 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்குறி ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் 10 மீட்டர் தூரத்தில் குண்டு 10 சென்டிமீட்டர் விலகிப் போகும்; இடைவெளி இருமடங்கானால் விலகல் பாதியாகும். இத்தனை தீமைகளையும் ஏற்றுக்கொண்டுதான் நாம் சிறிய துப்பாக்கியை வாங்குகிறோம் என்பதனால், அது கையோடு இசைந்திருப்பதாவது நிச்சயப்பட வேண்டும். அதற்கு ஒரு பரீட்சை உண்டு. துப்பாக்கி காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் தீர்மானித்துக்கொண்டபின், கண்ணை மூடி, சுவரிலுள்ள புள்ளியை நோக்கிக் கையை உயர்த்தி, கண்ணைத் திறந்து பார்த்தால், குறிகள் அப்புள்ளியின்மேல் தாமாகவே வந்து நிற்க வேண்டும். மணிக்கட்டை வளைத்துத்தான் குறிக்குக் கொண்டுவர முடிகிறதென்றால், அந்தத் துப்பாக்கி எத்தனை பிரசித்தமானதாயினும் அந்தக் கைக்குரியதன்று.

இந்தப் பரீட்சையை எனக்குக் கற்பித்தவர் என் ஆசான். அவர் தம் பெயர் அச்சில் வருவதை விரும்பாதவராதலால் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன். பேச்சு மிகக் குறைவு. அரமும் எண்ணெய்க்கல்லும் பிடிப்பதில் அவருக்கிருந்த லாகவத்தை அதன்பின் நான் யாரிடமும் கண்டதில்லை. குழலைத் தொடவும் விசையைத் தொடவும் நான் துடித்துக்கொண்டிருந்த இளம் பருவத்தில், நெடுங்காலம் மேகஸினைத் தவிர வேறெதையும் அவர் என் கையில் கொடுக்கவில்லை. "பிஸ்டலுக்கு உயிர் இதுலதாண்டா இருக்கு. இது சரியா இல்லேன்னா மத்ததெல்லாம் வெறும் இரும்பு" என்பார்.

அதன் காரணம் தெரிய, .32 பிஸ்டல் தோட்டாவின் ஜாதகத்தைச் சொல்ல வேண்டும். பெல்ஜியத்து எஃப்.என். ஆலைக்காக ஜான் பிரௌனிங் 1899-இல் தம் பிஸ்டலோடு சேர்த்து உருவாக்கியது அது. அதன் அடிவிளிம்பு உடலைவிட ஒரு மயிரிழை வெளியே நீண்டிருக்கும். ரிவால்வர் தோட்டாவைப் போல் முழு விளிம்புமன்று, பிற்காலத் தோட்டாக்களைப் போல் விளிம்பே இல்லாததுமன்று. மேகஸினில் அடுக்கும்போது, மேலே வைக்கும் ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் அமர வேண்டும். ஏதோ ஒரு குலுக்கலில் மேலுள்ளதன் விளிம்பு கீழுள்ளதற்குப் பின்னால் நழுவிவிட்டால், இரண்டும் கொக்கி மாட்டிக்கொண்டு முன்னே நகரா. நாங்கள் ரிம் லாக் என்போம். ஸ்லைடை எத்தனை முறை இழுத்தாலும் அது விடுபடாது. மேகஸினையே வெளியே உருவியெடுத்துத் தீர்த்தாக வேண்டும். இடுப்பில் செருகி நாளெல்லாம் நடந்தும், வண்டியில் குலுங்கியும் திரிபவரின் பிஸ்டலுக்கு இது எவ்வளவு பொருத்தமற்ற வியாதி என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ!

ஒரு நகைக்கடைக்காரரின் 1910 மாடல் பிரௌனிங் இந்த வியாதியோடு பெரியவரிடம் வந்தது. அந்த மாடலின் அருமை தொழிலறிந்தவர்களுக்குத் தெரியும்: சுருள்வில் குழலையே சுற்றி அமைந்திருப்பதால் ஒல்லியானது, உடையில் சிக்கும் முனை ஒன்றும் இல்லாதது. 1914-இல் சரயேவோவில் உலகப்போருக்கு வித்திட்ட பிஸ்டல் இந்த மாடலே என்பதும், அதற்கு மூன்றாண்டுகள் முன்பு மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் ஒரு பிரௌனிங்கே என்பதும் சரித்திரம். நகைக்கடைக்காரரின் பிஸ்டலில் தோட்டா ஏறும் சரிவை ஏற்கெனவே ஒருவர் கண்ணாடியாகத் தேய்த்திருந்தார். இன்னொருவர் வில்லை மாற்றியிருந்தார். ஆயினும் நடுவில் எங்கேனும் ஒரு தோட்டா நின்றுவிடும். பெரியவர் பிஸ்டலை ஒதுக்கி வைத்துவிட்டு மேகஸினை மட்டும் எடுத்துக்கொண்டார். கற்பூரத்தைக் கொளுத்தி, அதன் புகையில் மருந்தில்லாத போலித் தோட்டாக்களைக் கருக்கி, ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கி, கரி எங்கே சுரண்டப்பட்டிருக்கிறது என்று பூதக்கண்ணாடியில் பார்த்தார். மேகஸினின் வாயில் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் உதடுகளில், வலப்பக்க உதடு தோட்டாவைக் கடித்துக்கொண்டிருந்தது. இடப்பக்கம் விரிந்து போயிருந்தது. மேகஸின் ஆலையில் செய்ததன்று. ஏதோ லேத் பட்டறையில் மிருதுவான தகட்டை வளைத்துச் செய்த நகல்.

அதோடு அவர் நிற்கவில்லை. நகைக்கடைக்காரர் உபயோகித்த தோட்டாக்களை வரவழைத்து வெர்னியரால் அளந்தார். குண்டின் நுனி குழிந்தவையாதலால், 25 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய மொத்த நீளம் குறைந்து, மேகஸினின் முன்சுவருக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் உண்டாகி, அந்த இடத்தில்தான் தோட்டாக்கள் முன்பின்னாக நழுவின. மேகஸினுக்குள் ஒரு கம்பியை வைத்து அவ்விடத்தை அடைத்துவிடலாமே என்று நான் கேட்டதற்கு, "அது ஒட்டுப்போடுற வேலை" என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். வில் எஃகுத் தகட்டிலிருந்து உதடுகளைப் புதிதாக வளைத்து, கடினப்படுத்தி, மறுபடி நீலம் பாயும் வரை சூடேற்றிப் பதப்படுத்தி, மேகஸினைத் திரும்பச் செய்தார். முழு நீளமுள்ள உருண்டை முனைத் தோட்டாக்களைத் தவிர வேறெதையும் அதில் போடுவதில்லை என்று உடையவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அந்தப் பிஸ்டல் அதன்பின் நான் பார்த்தவரையில் ஒருமுறைகூட நிற்கவில்லை. இன்றைக்குப் பட்டறையில் இருப்பவர்களிடம் இத்தகைய மேகஸினைக் கொடுத்தால், "வேற வாங்கிக்குங்க சார்" என்பதே பதில்; எங்கே வாங்குவது என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

உறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலிட்டே கொண்டு செல்ல வேண்டும், வெளியே எடுத்து வீசிக்காட்டக்கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. ஆயினும் லட்சக்கணக்கில் துப்பாக்கிக்குச் செலவிடுபவர்கள், உறைக்குச் சில நூறு ரூபாய் கொடுக்க மனம் வராமல், கைப்பேசி உறை தைப்பவரிடம் தைத்துக்கொள்கிறார்கள். குரோம் பதனிட்ட தோல் மெத்தென்றிருக்கும், வடிவம் நிற்காது, வாய் மடிந்துகொள்ளும், மடிந்த விளிம்பு விசைக்காப்பினுள் நுழைந்தால் விபரீதம். நம் நாட்டில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்கு ஒரு காலத்தில் உலகெங்கும் கிராக்கி இருந்தது. அந்த வகைத் தோலை நீரில் நனைத்துத் துப்பாக்கியின் வடிவத்துக்கே அழுத்தி உலர்த்தினால், பலகை போல் நின்று, விசையை முழுதும் மூடிக்காக்கும். அப்படித் தைக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். எந்தத் தோலானாலும், இரவில் துப்பாக்கியை உறையோடு பூட்டி வைக்கலாகாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடலோர ஊரில் உடலோடு ஒட்டிக் கிடக்கும் எஃகுக்கு வியர்வையைவிடப் பெரிய சத்துரு இல்லை. ஒரு கோடை நாளின் வியர்வை, நீலம் ஏற்றிய பரப்பில் மறுநாளே செம்புள்ளிகளாகத் தெரியும். வீட்டு எண்ணெய்களை இடுவதோ அதைவிடக் கொடுமை: நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும், தேங்காயெண்ணெய் உதகமண்டலத்துக் குளிரில் உறைந்து ஸ்லைடைக் கட்டிப்போடும். இவையிரண்டும் உடையவர் கையால் வரும் தீங்குகள். உடையவர் கையில் இல்லாத தீங்கு ஒன்றும் உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ வியாபாரியிடமோ ஒப்படைக்கும்படி உத்தரவு வரும். ஒருமுறை, நான் வருஷக்கணக்காகப் பேணிவந்த ஒரு வால்தர், ஒரு நிலையத்தின் ஈரச்சுவரோரம் சாக்குத்துணியில் சுற்றிக் கிடந்து, குழல் முழுதும் குழிவிழுந்து திரும்பி வந்தது. ஒப்படைத்ததற்கு ரசீது உண்டு. அந்தக் குழலுக்கு ஈடு இல்லை.

தோட்டாவிலும் இதே அலட்சியந்தான். வருஷத்துக்கு இத்தனை என்று லைசென்ஸில் எழுதியிருப்பதை வாங்கிப் பெட்டியில் அடுக்கி வைத்து, பத்து வருஷத்துக்கு முந்தியதையே இன்னும் மேகஸினில் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். துப்பாக்கியை ஒருமுறையேனும் சுட்டுப் பார்க்காமலே வாழ்நாளெல்லாம் இடுப்பில் சுமந்தவர்களும் உண்டு. பாதுகாப்புப் பயிற்சியை விதிகள் கேட்கின்றன. பயிற்சிச் சான்றிதழ் கிடைத்ததோடு சிரத்தை தீர்ந்துவிடுகிறது.

பழுதுபார்ப்பதற்கும் சட்டப்படி தனி லைசென்ஸ் வேண்டும். அதை வைத்திருக்கும் வியாபாரிகளில் பலர், பட்டறை மேஜையை எடுத்துவிட்டு அவ்விடத்தில் கண்ணாடி அலமாரி வைத்துவிட்டார்கள். உள்நாட்டில் தனியார் ஆலைகளும் துப்பாக்கி செய்யத் தொடங்கிவிட்ட இக்காலத்தில், செய்பவர்கள் பெருகி, சீர்செய்பவர்கள் அற்றுப்போவது எவ்வகையிலும் நல்லதன்று. வியாபாரிகளுக்கு என் வேண்டுகோள், ஒவ்வொரு கடையிலும் ஓர் இளைஞனையாவது அரத்தோடும் கற்பூரத்தோடும் உட்கார வைத்துப் பழக்க வேண்டும் என்பது. சொல்லிக்கொடுக்க நான் சம்பளமின்றி வருகிறேன். லைசென்ஸ் வாங்கியவர்களுக்கோ: பணம் கட்டுவதற்கு முன் கையை ஒரு தொழிலாளியிடம் காட்டுங்கள்; பழைய பிஸ்டலை வாங்குவதானால் மேகஸின் ஆலையில் செய்ததுதானா என்று முதலில் பாருங்கள்; அவ்வருஷத்துத் தோட்டாக்களை அவ்வருஷமே அனுமதி பெற்ற சுடுதளத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியவற்றை வாங்குங்கள்.