தொப்பென்று ஓர் ஓசை

சிங்கப்பூரில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில், எதிர் வீட்டில் சீனாவிலிருந்து வேலைக்கு வந்த பெண்மணி ஒருவர் இருந்தார். ஓர் இரவு, மேல்மாடியில் தனியே வசித்த முதியவர் விழுந்த ஓசை இரு வீட்டாருக்கும் கேட்டது. எங்களுக்கு முன்பே அவர் 995ஐ அழைத்துவிட்டார். கேட்ட ஓசையைச் சொல்லத் தமக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல்லைச் சொன்னார்: 'பேங்'. மறுமுனையில் வெடிப்பா, எரிவாயுவா, புகை வருகிறதா என்று கேள்விகள். நாங்கள் தொலைபேசியை வாங்கி, விழுந்தது மனிதர் என்று விளக்குவதற்குள் சில நிமிடங்கள் போய்விட்டன. முதியவருக்கு இடுப்பெலும்பு முறிவு. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

மறுவாரம் பெண்மணி நோட்டுப் புத்தகத்துடன் எங்கள் வாசலில் நின்றார். அன்று என்ன சொல்லியிருக்க வேண்டும்?

'தட்' என்றோம். கனமான பொருள் விழும்போது எழும் மந்தமான ஓசை, எதிரொலி இராது. அரிசி மூட்டை, மனித உடல். 'தம்ப்' அதற்கு அண்டை வீடுதான். ஆனால் அதில் பெரும்பாலும் ஓர் அடி இருக்கும். மேசையில் குத்துவது, அஞ்சிய நெஞ்சு அடித்துக்கொள்வது. 'க்ராஷ்' என்றால் ஏதோ நொறுங்கியிருக்கிறது. 'பேங்' திடீரென்று காதை அறைவது: துப்பாக்கி, பட்டாசு, காற்றில் அறைந்து மூடிய கதவு.

அவர் 'தட்' சொல்லிப் பார்த்தார். 'ஸா' என்று வந்தது. மாண்டரினில் அந்த முதல் ஒலி கிடையாது. (எங்கள் 'த'வும் அசல் இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.) சொல்லின் இறுதியில் நாவை ஒட்டி ஓசையை அடைப்பதும் அம்மொழியில் இல்லை, மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் 'ன்', 'ங்' மட்டுமே. அவர் எழுதிக் காட்டிய சீன ஓசைச் சொற்களைப் பாருங்கள்: பெங், தோங், ஹோங், குவாங். எல்லாம் 'ங்'கில் முழங்குகின்றன. 'பேங்' அவர் நாவில் சட்டென்று வந்ததில் வியப்பென்ன? 'பெங்' எழுத்தின் பக்கத்தில் ஒரு கல், 'தோங்'கில் ஒரு வாய், 'ஹோங்'கின் பழைய வடிவில் மூன்று வண்டிகள். அந்த மூன்று வண்டிகளை எங்களால் மறக்க முடியவில்லை.

அடுத்த சிக்கல் வாக்கியத்தில் வந்தது. சீனத்தில் 'தோங் என்று ஓர் ஒலி' என முன்னால் சொல்லி, விழுந்ததைத் தனி வினையாக வைப்பார்களாம். சிரித்துவிட்டோம். 'தொப்பென்று விழுந்தார்' என்கிறோமே, நாமும் அதே கட்சிதான்! ஆங்கிலத்திலோ ஓசையே வினையாகி இறந்தகாலமும் ஏற்கிறது. நெஞ்சு 'தம்ப்' செய்கிறது. பள்ளி நாளில் நாங்கள் தடுமாறியதும் இங்கேதான். 'வித் எ தட்' என்றும் சொல்லலாம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அதை மட்டும் மூன்று முறை எழுதிக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து முதியவர் ஊன்றுகோலுடன் வீடு திரும்பினார். அன்று மாலை எங்கள் வீட்டில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த பெண்மணி கூரையை நிமிர்ந்து பார்த்து, இதற்கு என்ன சொல் என்று கேட்டார். உடனே ஆங்கிலம் வரவில்லை. வாயில் வந்தது 'டொக், டொக்' மட்டுமே. அவர் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.