மிதிவண்டியும் வரலாறும்

பிறர் வரலாற்றைப் படிக்கப் புகுந்து தம் வரலாற்றைக் கண்டுகொண்டவர் பலர். அவருள் நானும் ஒருவன். அந்த அறிவு எனக்குக் காலந்தாழ்ந்தே வாய்த்தது என்பதை ஆசிரிய நண்பர்களிடமும் மாணவர்களிடமும் மறைக்க விரும்பவில்லை.

கிள்ளானை அடுத்த இரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். என் தாத்தா பால்மரம் வெட்டியவர். பழைய மிதிவண்டி ஒன்று வைத்திருந்தார். செம்மண் சாலையில் தோட்ட நிருவாகியின் கார் எதிர்ப்பட்டால் உடனே இறங்கி, வண்டியைப் பிடித்தபடி ஓரமாக நிற்பார். கார் கடந்த பின்னரே மீண்டும் ஏறுவார். பின்னால் அமர்ந்து செல்லும் நானும் இறங்கி நிற்க வேண்டும். 1980ஆம் ஆண்டையொட்டிய அக்காலத்தில் அவ்வாறு இறங்குமாறு எவரும் கட்டளையிடவில்லை. பள்ளித் தோழர்கள் அதைக் கண்டு நகைப்பார்கள். ஒருநாள், “ஏன் தாத்தா இப்படிப் பயந்து சாகிறீர்கள்?” என்று கேட்டுவிட்டேன். அவர் விடை கூறவில்லை. அதன்பின் அவருடைய வண்டியில் ஏறுவதையே நான் விட்டுவிட்டேன்.

1992இல் கோலாலம்பூரில் ஆசிரியர் பயிற்சி பெற்றேன். பிரிக்பீல்ட்சில், இரயில்வே குடியிருப்புக்கு அருகில், வாடகை அறையில் தங்கியிருந்தேன். வரலாற்றுப் பாடத்தில் ஆப்பிரிக்க மக்களைப் பற்றிய இடுபணி எனக்கு வாய்த்தது. இரயிலோசைக்கிடையே இரவெல்லாம் படித்தேன். ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தைந்து இலட்சம் ஆப்பிரிக்கர் அட்லாண்டிக் கடல்வழியே அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டதும், அவருள் பதினெட்டு இலட்சம்போல் கரை காணாமலே மாண்டதும் என் உறக்கத்தைக் கெடுத்தன. தம் முன்னோர்க்கு வரலாறே இல்லை என்றவர்களை மறுத்து, அவ்வினத்து அறிஞர் கார்ட்டர் உட்சன் 1926இல் கறுப்பினத்தார் வரலாற்று வாரத்தைத் தொடங்கினார். 1968இல் சான் பிரான்சிஸ்கோ மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடி, அவ்வரலாற்றைக் கல்லூரிப் பாடமாக்கினர். 1955இல் மாண்ட்கமரி நகரில் ரோசா பார்க்ஸ் அம்மையார் வெள்ளையர்க்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தார். அதனைத் தொடர்ந்து அந்நகர மக்கள் 381 நாள் பேருந்துகளைப் புறக்கணித்த வரலாற்றை உணர்ச்சி பொங்க எழுதினேன். நம் மக்களும் அடிமைகளாகவே இங்கு வந்தனர் என்று முடித்திருந்தேன்.

விரிவுரைஞர் அந்த வரியை அடித்துவிட்டார். “அடிமை ஒருவரின் உடைமை, அவன் பிள்ளையும் உடைமை. ஒப்பந்தக் கூலிக்கு ஆண்டுக் கணக்கு உண்டு. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் தொடர்பு உண்டு, அதை எழுதுங்கள்” என்றார். தேடினேன். பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியது. உடைமையாளர்க்கு இரண்டு கோடி பவுன் இழப்பீடு கிடைத்தது, அடிமைகளுக்கு ஒன்றுமில்லை. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1834இல் மொரீசியசுக்கும் 1838இல் பிரிட்டிஷ் கயானாவுக்கும் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். மலாயாவில் அம்முறை 1910இல் ஒழிந்தபோதும், கங்காணி முறை நீடித்தது.

விரிவுரைஞர் மேலும் ஒன்று கேட்டார்: “உங்கள் ஊர் கிள்ளான்தானே? 1941இல் அங்கு நடந்தது தெரியுமா?” எனக்குத் தெரியவில்லை. அவரே கூறினார். அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: வெள்ளைத் துரைமார் முன்னிலையில் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை. தொழிலாளரை வழிநடத்திய ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மடிந்தனர், போராட்டம் ஒடுக்கப்பட்டது. மாண்ட்கமரிக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது.

அந்த வார இறுதியிலேயே கிள்ளானுக்குப் பேருந்து ஏறினேன். தாத்தா மறைந்து ஈராண்டு ஆகியிருந்தது. பாட்டியிடம் கேட்டேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர் உலக்கையைக் கீழே வைத்தார்.

“அந்தச் சமயத்திலே பத்து நாளோ பதினைந்து நாளோ உன் தாத்தா இறங்காமல்தான் போனார், ஐயா. அப்புறம் பட்டாளம் வந்தது. உன் பெரியப்பா அப்போது என் வயிற்றிலே. மறுபடியும் இறங்கினார்.”

அதற்குமேல் அவர் பேசவில்லை. என்னாலும் கேட்க இயலவில்லை.

தாத்தாவிடம் நான் கேட்ட கேள்வி தவறன்று. கேட்ட விதமே தவறு. அறிய வேண்டும் என்று கேட்டிருந்தால் அவர் சொல்லியிருக்கக்கூடும். மொழி தெரியாத கண்டத்து மக்களுக்காகக் கண்ணீர் விட்ட நான், என் வீட்டுத் திண்ணையில் இருந்தவரை எண்ணி நாணினேன்.

இன்று தலைமையாசிரியனாக இருக்கும் என் பள்ளியில், ஆறாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரிடம் பணிவோடு கேட்டறிந்து, ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். பிழை திருத்துவேன், மதிப்பெண் இடுவதில்லை. ஆசிரியர்களே, நீங்களும் இதனைச் செய்து பாருங்கள். மாணவர்களே, உலக வரலாற்றை விரும்பிப் படியுங்கள். படித்த கையோடு, வீட்டில் முதியவர் இருப்பின் அவரருகில் சற்றே அமருங்கள்.