கையெழுத்துக்கு முந்தைய மணித்தியாலங்கள்

புத்தளத்தில் வீடு, மன்னாரில் வேலை. எங்கள் பக்கத்தில் இப்படி வாழ்கிற குடும்பங்கள் ஏராளம். ஆசிரியர்கள்தான் அதிகம். அவர்களுக்கு அடுத்தபடி ஆஸ்பத்திரிக்காரர்கள், கச்சேரி லிகிதர்கள், முசலிப் பக்கம் வயல் வைத்திருப்பவர்கள். என் உத்தியோக காலத்தின் பிற்பாதியும் அப்படித்தான் போனது. இவ்வளவு தூரத்தை ஏன் நடுவில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள், ஏதாவது ஒரு பக்கமாக வந்துவிடலாமே என்று கொழும்பு நண்பர்கள் கேட்பார்கள். நல்ல மனதோடு கேட்கிற கேள்விதான். அதற்கு ஒரு வரியில் பதில் சொன்ன எவரையும் நான் பார்த்ததில்லை.

தூரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். புத்தளத்திலிருந்து வடக்கே வண்ணாத்திவில்லு தாண்டி, கஜுத் தோட்டங்களுக்கு நடுவே முப்பது கிலோமீட்டர் அளவில் போனால் எலுவன்குளம். ஊர் முடிகிற இடத்தில் கலா ஓயா குறுக்கே ஓடுகிறது. அதன்மேல் தாழ்வாக ஒரு சப்பாத்துப் பாலம். அந்தக் கரையில் வில்பத்துக் காடு. காட்டுக்குள்ளால் பழைய மன்னார் பாதை மறிச்சுக்கட்டிக்கும் சிலாவத்துறைக்கும் போகிறது. இந்தப் பாதை இல்லையென்றால் அனுராதபுரம் போய், மதவாச்சியில் திரும்பி, நூற்றெண்பது கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். எலுவன்குளத்தால் போனால் மன்னார் நகரத்துக்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். மறிச்சுக்கட்டி போன்ற முசலிக் கிராமங்களுக்கு மிச்சம் இன்னும் அதிகம்.

ஆனால் அந்தப் பாலத்தை நம்பி யாரும் நாளைக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. எலுவன்குளத்தில் வெயில் எரித்துக்கொண்டிருக்கும். அனுராதபுரப் பக்கம் பெய்த மழைக்கு இராஜாங்கனை நீர்த்தேக்கத்தின் வான்கதவுகளைத் திறந்திருப்பார்கள். சில மணித்தியாலத்தில் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் இந்தக் கதைதான். பாலத்தோடு வழக்கும் சேர்ந்துகொண்டது. போர் முடிந்து 2010 இல் பாதை பாவனைக்கு வந்தபோது சூழல் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. வில்பத்து 1938 முதல் தேசியப் பூங்கா, நாட்டிலேயே பெரியது, யானையும் சிறுத்தையும் கரடியும் உலாவுகிற காடு. அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இருட்டிய பிறகு அங்கே வாகனம் ஓடக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனாலும் அந்தப் பாதை எங்களுக்கு நிலையாகக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. சுற்றுப் பாதையும் எந்நேரமும் துணை நிற்பதில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது இதே கலா ஓயா மேலே புத்தளம் – அனுராதபுரம் வீதியில் பெருக்கெடுத்து, ஒரு பஸ்ஸே வெள்ளத்தில் சிக்கிக்கொண்டது. பயணிகளைக் கடற்படை போய் மீட்க வேண்டியிருந்தது.

இனி, ஏன் ஒரு பக்கமாக வரவில்லை என்பது. 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார்ப் பக்கத்திலிருந்து வள்ளமேறிக் கற்பிட்டியில் இறங்கியவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. ஆலங்குடாவிலும் தில்லையடியிலும் பாலாவியிலும் கிடுகுக் கொட்டில்கள் எழும்பின. கொட்டில் மண் சுவராயிற்று, மண் சுவர் கல் வீடாயிற்று. கைக்குழந்தையாக வள்ளத்தில் வந்த பிள்ளைக்கு 2009 இல் போர் முடிந்தபோது பத்தொன்பது வயது. அந்தப் பிள்ளைக்குப் புத்தளம்தான் ஊர். அதன் கூட்டாளிகள் இங்கே, பாடசாலை இங்கே, கலியாணம் பேசுகிற இடமும் இங்கே. வாப்பாவையும் உம்மாவையும் இங்குள்ள மையவாடியில்தான் அடக்கினோம். அந்தப் பக்கத்தில் காணி இருக்கிறது, காடு மூடிய கிணறு இருக்கிறது, பாட்டன் கட்டிய பள்ளிவாசலின் அத்திவாரம் இருக்கிறது. மீள்குடியேற்றத்தோடு பாடசாலைகளும் அலுவலகங்களும் அங்கே திரும்பத் திறந்தன, உத்தியோகம் அங்கே போயிற்று. ஒரே மனிதருக்கு இரண்டு ஊர் ஆனது இப்படித்தான்.

கனடாவில் என் ராத்தாவின் மகன் விமானியாக இருக்கிறான். துணை விமானி என்று சொல்ல வேண்டும். டொரோண்டோவில் வளர்ந்தவன், பெண்சாதி பிள்ளைகளும் ராத்தாவும் அங்கேதான். கம்பனி அவனுடைய தளத்தை வன்கூவருக்கு மாற்றியது. ஒரு நாள் கூப்பிட்டான். "மாமா, நீங்க மன்னாருக்குப் போய் வந்த மாதிரித்தான் எனக்கும் ஆகிட்டு. வீட்ட மாத்துறதா, போய் வாறதா?"

விமானிக்கு அப்படி என்ன பிரச்சினை, விமானமே அவன் கையில்தானே என்று நான் முதலில் கேட்டேன். அவன் விளக்கியது எனக்குப் புதிதாக இருந்தது. வடஅமெரிக்காவில் விமானிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு தளம் உண்டு, அவர்களுடைய பணி தொடங்குவதும் முடிவதும் அந்த விமான நிலையத்தில். எந்தத் தளம், எந்த விமானம், எந்த விடுமுறை என்பதெல்லாம் மூப்பு வரிசைப்படி. வரிசையில் கீழே இருப்பவனுக்கு மற்றவர்கள் விட்டு வைத்தது கிடைக்கும். கம்பனிகள் தளங்களைத் திறப்பதும் மூடுவதும் உண்டு. ஒவ்வொரு தடவையும் வீட்டை விற்று வாங்கினால் பிள்ளைகள் எந்தப் பாடசாலையிலும் இரண்டு வருடம் தாண்டமாட்டார்கள். ஆகையால் பலர் வீட்டை ஓரிடத்தில் ஊன்றிவிட்டு, பயணிகள் விமானத்தில் மிஞ்சிய இருக்கையிலோ, விமானி அறைக்குள் மடித்து வைத்திருக்கும் உபரி இருக்கையிலோ ஏறி வேலைக்குப் போகிறார்கள். அது உரிமையான இருக்கையல்ல. காசு கொடுத்த பயணி வந்துவிட்டால் இறங்கி நிற்க வேண்டும். டொரோண்டோவிலிருந்து வன்கூவருக்கு ஐந்து மணித்தியாலப் பறப்பு, மூன்று மணித்தியால நேர வித்தியாசம்.

அவர்களுக்குள் அனுபவத்தில் விளைந்த புத்திமதிகள் இருக்கின்றன. தளத்துக்கு நேரடி விமானம் இல்லாத ஊரில் வீடு வாங்காதே. இரண்டு விமானம் மாறிப் போக வேண்டுமென்றால் தவறுகிற வாய்ப்பும் இரண்டு மடங்கு. ஒரு நாளைக்கு ஒரே விமானம் போகிற ஊரைவிட, நாலைந்து போகிற ஊர் நல்லது, வீட்டு விலை கூடினாலும். கடைசி விமானத்தை எண்ணி வீட்டிலிருந்து புறப்படாதே, அதற்கு முந்தையதைப் பிடி. பனிப்புயல் அடிக்கிற ஊரா என்று பார். அவசர அழைப்புக்குக் காத்திருக்கும் பணி வந்தால் தளத்திலேயே இரு. இவற்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு எலுவன்குளமே கண்ணில் நின்றது. இராஜாங்கனைக் கதவு திறந்தால் ஞாயிற்றுக்கிழமையே அனுராதபுரத்தால் புறப்பட்டுவிடு, திங்கள் விடியட்டும் என்று இராதே என்று எங்கள் பஸ் நிலையத்தில் பேசிக்கொள்வதும் இதே ஞானம்தான். இரவு தங்குவதற்கு அவர்கள் பல பேராகச் சேர்ந்து தளத்தின் பக்கத்தில் வீடொன்றை வாடகைக்கு எடுத்து, கட்டில் கணக்கில் பங்கு போடுகிறார்களாம். நியூயோர்க்கின் இரண்டு பெரிய விமான நிலையங்களுக்கும் கிட்டத்தில் இருக்கிற கியூ கார்டன்ஸ் என்ற பகுதி இதற்குப் பேர்போனது. நாங்கள் போடிங் என்று சொல்கிற அதே ஏற்பாடு.

போய்வருகிற களைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்கா ஒரு முறை பார்த்தது. 2009 பெப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் எயார் 3407 விமானம் இறங்குவதற்குச் சற்று முன்னர் ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் மாண்டார்கள். விசாரணையில் தெரியவந்தவை என்னை நெடுநேரம் உட்கார வைத்தன. தலைமை விமானியின் வீடு புளோரிடாவின் டம்பா பக்கத்தில். முந்தைய இரவை அவர் நியூவார்க்கில் பணியாளர் அறையில் கழித்திருக்கிறார். துணை விமானிக்கு வயது 24. சம்பளம் போதாமல் சியாட்டில் பக்கத்தில் பெற்றோர் வீட்டில் இருந்தவர், நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மெம்பிஸ் வழியாகச் சரக்கு விமானங்களில் இரவு முழுக்கப் பறந்து வேலைக்கு வந்திருந்தார். நியூவார்க்கைத் தளமாகக் கொண்ட அந்தக் கம்பனி விமானிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இப்படி வெளியூரிலிருந்து வருகிறவர்கள். விபத்துக்குக் காரணம், வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது தலைமை விமானி செய்த பிழையான கையாளுகை என்பது விசாரணைச் சபையின் முடிவு. களைப்பு இருவரையும் பாதித்திருக்க வேண்டும், எந்த அளவுக்கு என்று அறுதியிட முடியவில்லை என்றும் அது எழுதியது.

இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் வாஷிங்டனுக்குப் போய் நின்றன. அதன் பலனாக 2014 இல் புதிய ஓய்வு விதிகள் வந்தன. பணிக்கு முன் பத்து மணித்தியால ஓய்வு, அதில் எட்டு மணித்தியாலம் தூங்க வாய்ப்பு. வீட்டிலிருந்து தளத்துக்கு வருகிற நேரம் மட்டும் அந்தக் கணக்கிலும் சேரவில்லை. தகுதியான உடல்நிலையில் வந்து சேர வேண்டியது விமானியின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். ஐரோப்பாவில் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். வீட்டுக்கும் தளத்துக்கும் வழக்கமாக 90 நிமிடத்துக்கு மேல் எடுக்குமானால், தளத்துக்குக் கிட்ட ஒரு தங்குமிடத்தை ஏற்படுத்திக்கொள்வதை யோசிக்க வேண்டும் என்று அங்கத்தைய விதிகளோடு சேர்ந்த வழிகாட்டல் சொல்கிறது. யோசிக்க வேண்டும் என்ற அளவில்தான். வாடகை யார் கொடுப்பது என்பது அதில் இல்லை.

என் மனதை அறுப்பது இந்த இடம்தான். முசலியில் படிப்பிக்கிற ஆசிரியை காலை ஏழரைக்கு வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கிறார். அரசாங்கத்துக்கு அவருடைய நாள் அங்கேதான் தொடங்குகிறது. சுபஹு பாங்குக்கு வெகுநேரம் முன்னர் எழும்பிச் சோறு ஆக்கி, உறங்குகிற பிள்ளைக்குச் சீருடை எடுத்து வைத்து, இருட்டில் வான் ஏறி, மதவாச்சியைச் சுற்றி வந்த மணித்தியாலங்கள் எந்த ஏட்டிலும் இல்லை. பத்து நிமிடம் பிந்தினால் அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் ஏட்டில் சிவப்புக் கோடு விழும். நானும் அந்தக் கோடுகளைக் கண்டவன். ஒரு மேலதிகாரி என்னை அழைத்து, தூரம் உங்களுடைய சொந்தப் பிரச்சினை என்றார். அவர் கெட்ட மனிதரல்ல, சுற்றறிக்கையில் இருந்ததைச் சொன்னார். ஆனால் தூரம் எங்கள் சொந்தப் பிரச்சினையாக எப்படி ஆகும்? அந்தத் தூரத்தை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. எங்கள் வீட்டை அங்கிருந்து எடுத்து இங்கே வைத்தது துப்பாக்கி.

வாக்குப் போடுவதற்கும் இதே தூரத்தைத்தான் கடக்கிறோம். பெயர் மன்னார் இடாப்பில் இருப்பதால் தேர்தலுக்குத் தேர்தல் புத்தளத்திலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் புறப்படும். 2019 நவம்பர் 16, சனாதிபதித் தேர்தல் அன்று விடியற்காலையில் தந்திரிமலைப் பகுதியில் அந்த பஸ்களின்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பஸ்கள் போய்ச் சேர்ந்தன, சனம் வாக்குப் போட்டது. அன்றைக்குப் போனவர்களில் நடக்க ஏலாத முதியவர்களும் இருந்தார்கள். இரண்டு ஊரையும் விட மனமில்லாத சனம் எவ்வளவு விலை கொடுக்கும் என்பதற்கு இதற்குமேல் ஒரு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

மருமகனுக்கு நான் சொன்னது பெரிய உபதேசமல்ல. மன்னாரிலேயே வீட்டைப் போட்டவர்களையும் எனக்குத் தெரியும், கடைசிவரை போய் வந்தவர்களையும் தெரியும். வேலைக்காரனின் வசதிக்காக வீடு மாறிய குடும்பங்களில், அவன் பணிக்குப் போன நாட்களில் தெரியாத ஊரில் தனித்து விடப்பட்டது பெண்சாதியும் பிள்ளைகளும்தான். மாதத்தில் பாதி நாள் வானத்தில் இருக்கிறவன் தன் தூக்கத்துக்கு ஓரிடம் தேடிக்கொள்ளலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற உரிமையை அவள் எங்கே போய்த் தேடுவாள்? "உன்ட வேலை எங்க இருக்குன்னு பாக்காத மகன். நீ இல்லாத ராவுல அவ யாரைக் கூப்பிடுவான்னு பாரு" என்றேன். கூடவே இன்னொன்றையும் அழுத்திச் சொன்னேன். வீட்டை டொரோண்டோவில் வைத்தால் வன்கூவரில் ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுத்தே ஆக வேண்டும். அந்தக் காசை மிச்சம் பிடித்து, பணி நாளன்றே பறந்து போய்ச் சீருடை மாட்டக் கூடாது. அவனுடைய தூக்கத்தின் மேல்தான் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களின் உயிர் இருக்கிறது.

அவன் அப்படியே செய்தான். வீடு டொரோண்டோவில், வன்கூவரில் வேறு விமானிகளோடு பங்குக்கு ஓர் அறை. முதல் நாளே போய்விடுகிறான். வீட்டில் கிடைக்கிற நாட்கள் அதனால் குறைகின்றன, அது அவனுக்கு வருத்தம்தான்.

எங்கள் ஆசிரியைகளுக்கு அந்த அறையும் கிடைக்கவில்லை. மறிச்சுக்கட்டியிலோ சிலாவத்துறையிலோ போடிங் தேடினால், மீள்குடியேறிய வீடுகளில் வீட்டுக்காரர்களுக்கே இடம் காணாது. எலுவன்குளம் பாலத்தை உயர்த்துவதா, பூங்காவுக்குள் பாதையை விடுவதா என்ற விவாதம் இன்னும் எத்தனை வருடம் ஓடுமோ. காடும் வாழ வேண்டும், நாங்களும் வாழ வேண்டும், நீதிமன்றம் அதைப் பார்க்கட்டும். ஆசிரியர் விடுதி கட்டுவதற்கு ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை. பாடசாலை வளவுகளிலேயே இடம் கிடக்கிறது. நல்ல தண்ணீர், உள்ளே தாழிடுகிற கதவு, மின்விசிறி, சமைக்க ஓரிடம், கிழமைக்கு நாலு இரவு நிம்மதியான தூக்கம். முசலிக் கோட்டத்தில் பெண்களுக்கு இரண்டு விடுதி, ஆண்களுக்கு ஒன்று என்று வடமாகாணக் கல்வித் திணைக்களம் அடுத்த வருட ஒதுக்கீட்டிலேயே தொடங்கலாம். ஞாயிறு பின்னேரம் அனுராதபுரத்தால் சுற்றி வந்து சேருகிறவர்களுக்காக, கதவு அன்றிரவே திறந்திருக்கும்படியாக.