குளிசை மட்டையும் போத்தல் மூடியும்

பசைக் குழாயின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். எதை எதோடு ஒட்டலாம், எத்தனை நிமிடத்தில் இறுகும், கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் எறும்பு எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். எதில் வைத்துக் கலப்பது என்ற கேள்விக்கு "சுத்தமான பாத்திரத்தில்" என்பதோடு விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் பசை கலக்கச் சுத்தமான பாத்திரம் கேட்டால் உம்மா என்ன சொல்வார் என்பதைக் கல்லூரிச் சஞ்சிகையில் எழுத முடியாது.

மாதிரிக் கப்பல், மாதிரி விமானம் செய்கிறவர்களுக்கென்றே வெளிநாடுகளில் சிறிய சிலிக்கன் கிண்ணங்களும் அளவுக் கோப்பைகளும் விற்கிறார்கள். எங்கள் ஊர்க் கடைகளில் அவை இல்லை. இருந்தாலும் வாங்கப் போவதில்லை. 2022க்குப் பிறகு பசையின் விலையைக் கேட்டாலே கடைக்காரரிடம் சலாம் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஆகவே சமையலறைக் குப்பையில்தான் தேட வேண்டும். ஒரு வருடத்துக்கு மேலாக அப்படித் தேடிக் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் செய்வது ஒரு கப்பல். நாங்கள் என்றால் வாப்பாவும் நானும். வாப்பா தளபாட வேலை செய்தவர். எங்கள் ஊரில் பல வீடுகளில் அவர் செய்த அலுமாரி நிற்கிறது. போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து சில வாரங்களில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், பேச்சும் நடையும் திரும்பி வந்தன. வலது கை மட்டும் பின்தங்கிவிட்டது. சின்னச் சின்னப் பொருட்களைப் பிடித்துப் பழகுங்கள், கையைச் சும்மா வைக்காதீர்கள் என்றார் பயிற்சி கொடுத்தவர். பயறு பொறுக்கச் சொன்னார். வாப்பா மூன்று நாள் பொறுக்கினார். நான்காம் நாள் "நான் என்ன கோழியா?" என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். கப்பல் அதற்குப் பிறகு வந்தது.

கப்பலின் பெயர் ஹேர்மிஸ். விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த பிறகு எங்கள் மட்டக்களப்புக் கடலின் அடியில் கிடக்கிறது. 307 பேர் இறந்தார்கள். அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த மூத்தாப்பா கரையில் நின்று சத்தம் கேட்டதாகச் சொல்வாராம். அதனால் வாப்பாவுக்கு வேறு எந்தக் கப்பலிலும் மனம் செல்லவில்லை. நிஜக் கப்பலின் நீளம் 600 அடி. 350இல் ஒரு பங்காகச் செய்தால் 52 சென்ரிமீற்றர் வரும். சாப்பாட்டு மேசையில் பாதிதான் போகும் என்று சொல்லி உம்மாவின் அனுமதியைப் பெற்றோம். உடலுக்கு மெல்லிய பிளைவூட், மேல்தளத்துக்கு ஐஸ்கிறீம் குச்சி, கொடிமரத்துக்கு ஈர்க்கும் செம்புக் கம்பியும்.

கம்பியை மரத்தோடு ஒட்ட வெள்ளைப் பசை போதாது. அதற்கு இரண்டு குழாயில் வரும் அரல்டைட் வேண்டும். ஒன்றில் பிசின், மற்றதில் அதை இறுக வைக்கும் திரவம். இரண்டையும் சம அளவு எடுத்துக் கலக்க வேண்டும். நாங்கள் வாங்கியது ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை. கடையில் அதுதான் இருந்தது. காய்ச்சல் சிறப் போத்தலின் தலையில் கவிழ்ந்திருக்குமே ஒரு சின்ன அளவுக் கோப்பை, அதில் வாப்பா கலந்தார். அளவுக் கோடு இருப்பதால் அதை எடுத்திருந்தார். இடது கையால் கோப்பையைப் பிடித்து, வலது கையால் ஈர்க்கைச் சுற்றினார். மெதுவாகத்தான் சுற்ற முடிந்தது. நாலு நிமிடம் ஆவதற்குள் கோப்பை சூடேறியது, பசை தேன்பாகு போலத் திரண்டது, ஈர்க்கு நட்டபடி நின்றுவிட்டது. மறுநாளும் அப்படியே நடந்தது.

"கை போயிட்டு மகள். இறுகிறதுக்குள்ள கலக்கி எடுக்க ஏலா. இத நிப்பாட்டுவம்" என்றார்.

அவர் அலுமாரி செய்த காலத்தில் ஒரு நாளும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு அந்தச் சூடுதான் மனதில் நின்றது. பிசினும் மற்றத் திரவமும் சேர்வது புறவெப்பத் தாக்கம். இரசாயனவியல் பாடத்தில் நாங்கள் படிப்பதுதான். தாக்கம் நடக்கும்போது வெப்பம் வெளிவரும். அந்த வெப்பம் போக வழியில்லாவிட்டால் கலவை சூடாகும். சூடானால் தாக்கம் இன்னும் வேகமாகும், அதனால் இன்னும் சூடாகும். ஆழமான, ஒடுங்கிய கோப்பை இதற்கென்றே செய்த அடுப்பு மாதிரி. அதே பசையை அகலமான தட்டையான பொருளில் மெல்லியதாகப் பரப்பினால் வெப்பம் காற்றுக்கும் அடியிலுள்ள பொருளுக்கும் போய்விடும்.

அன்றிரவு வீட்டுக்குப் பின்னால் கிடந்த வெள்ளை டைல் துண்டொன்றைக் கழுவிக் காய வைத்தேன். அதே அளவு பசையில் ஒரு பங்கைச் சிறப் கோப்பையிலும் ஒரு பங்கை டைலிலும் நானே கலந்து, தம்பியின் கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்தேன். கோப்பையில் நாலு நிமிடம். டைலில் ஒன்பது நிமிடம் ஆகியும் ஈர்க்கால் இழுத்தால் நூல் வந்தது. என் கை வாப்பாவின் கையைவிட வேகமானது. அதற்கும் கோப்பையில் நாலு நிமிடம்தான்.

"கையில்ல வாப்பா, கோப்பை" என்று டைலைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இறுகிப்போன இரண்டையும் நகத்தால் தட்டிப் பார்த்தார். காலையில் நான் பாடசாலைக்கு வெளிக்கிட முன்னர் டைல் மேசைக்கு வந்திருந்தது.

பிறகு நேரத்தை இன்னும் நீட்டப் பழகினோம். பகல் வெயிலில் பசை அவசரப்படும். வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் தாக்கத்தின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே சுபஹ் தொழுதுவிட்டுக் கலந்தோம். டைலைக் குளிர்ந்த நீர் ஊற்றிய தாம்பாளத்தில், மேற்பக்கம் நனையாமல் வைத்தோம். மெதுவாக இறுகும் வகைக் குழாயை மட்டக்களப்பு நகரிலிருந்து மாமா வாங்கி வந்தபோது எங்களுக்கு அரை மணித்தியாலத்துக்கும் மேல் கிடைத்தது. அரசனாகிவிட்ட மாதிரி இருந்தது.

டைலில் ஒரு குறை உண்டு. மிச்சமாகும் பசை அதில் இறுகிப் பிடித்துக்கொள்ளும், பிளேட்டால் சுரண்ட வேண்டும். வாப்பாவின் கைக்குப் பிளேட் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஒட்டாத பொருள் எது என்று பார்க்க, வீட்டில் கிடைத்ததிலெல்லாம் ஒரு சொட்டுப் பசை வைத்து ஒரு நாள் விட்டேன். தண்ணீர்ப் போத்தல் மூடியை வளைத்ததும் பசை காசு மாதிரித் துள்ளி விழுந்தது. பழைய லன்ச் சீற்றிலிருந்து உரிந்து வந்தது. சிரட்டை பசையைக் குடித்துவிட்டது, நெருப்புப்பெட்டி அட்டையும் அப்படியே. யோகட் கோப்பைகள்தான் ஆளைக் குழப்பின. ஒன்றில் விட்டுவந்தது, இன்னொன்றில் பிடித்துக்கொண்டது. அடியைத் திருப்பிப் பார்த்தால், முக்கோணத்துக்குள் ஒன்றில் 5 என்றும் மற்றதில் 6 என்றும் இருந்தது. 5 என்றால் பொலிபுரொப்பிலீன், 6 என்றால் பொலிஸ்ரைரீன். 2, 4 என்ற இலக்கங்கள் பொலித்தீன் குடும்பம். பொலித்தீனிலும் பொலிபுரொப்பிலீனிலும் பசை பரவிப் பிடிக்காது, எண்ணெய் பூசிய தட்டில் தண்ணீர் நிற்பதைப் போல ஒதுங்கி நிற்கும். ஆகவே 2, 4, 5 எங்களுக்கு வேண்டியவை. 6 குப்பைக்கு. பிளாஸ்ரிக் விமானப் பெட்டியோடு வரும் கரைப்பான் பசையை வைத்திருப்பவர்கள் 6 பக்கம் போகவே கூடாது, அது கோப்பையையே கரைத்துவிடும்.

இவ்வளவு ஆராய்ந்த பிறகு எங்களுக்கு அதிகம் உதவியது எது என்றால், குளிசை மட்டை. ஒரு கம்பியை நிறுத்த ஒரு பருப்பளவு பசைதான் வேண்டும். அதற்குப் போத்தல் மூடியே பெரிது. வாப்பா தினமும் நான்கு வகைக் குளிசை போடுகிறார். வெறும் மட்டைகளை உம்மா கண்ணில் படாமல் எறிந்துவிடுவார். அவற்றைப் பார்க்க அவருக்குப் பிடிக்காது. நான் ஒன்றை எடுத்து, கிழிந்த ஈயத்தாளை உரித்து, குளிசைத் தூளைத் துணியால் துடைத்துவிட்டு மேசையில் வைத்தேன். பத்துக் குழி. பசை இறுகிப் பிடித்தாலும் கவலையில்லை, அந்தக் குழியை வெட்டி எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். கோப்பையைப் போலச் சூடேறாதா என்று கேட்பீர்கள். அவ்வளவு சிறிய துளியில் தேங்கி நிற்க வெப்பமே இல்லை.

இப்போது எங்கள் அளவே அதுதான். பிரஷர் குளிசையின் குழி ஒன்று என்றால் ஒரு கம்பிக்கு. சீனி வருத்தக் குளிசையின் நீட்டுக் குழி ஒன்று என்றால் ஒரு பீரங்கி மேடைக்கு. உம்மா முதலில், "குப்பைக்குப் போறத்த எல்லாம் இவள் அலுமாரிக்குள்ள வெக்காள்" என்று மூத்தம்மாவிடம் முறையிட்டார். கொஞ்ச நாளில் மட்டைகள் தானாகவே மேசைக்கு வரத் தொடங்கின, ஈயத்தாள் உரித்து, துடைத்து.

வெள்ளைப் பசை வாப்பாவின் பாடம். அதில் எனக்குச் சொல்ல இடமில்லை. அது உள்ளேயிருக்கும் தண்ணீர் போய்க் காய்கிற பசை, சூடேறாது. எனவே டைலில் பரப்பினால் ஆடை படிந்து வீணாகும். ஆழமான, மூடியுள்ள கோப்பைதான் அதற்கு நல்லது. அரல்டைட்டுக்கு ஆகாத கோப்பை இதற்கு ஆகும். மரத்தூளைத் தேயிலை வடியால் அரித்து, வெள்ளைப் பசையில் குழைத்து, பிளைவூட் இடைவெளிகளில் வாப்பா பூசுவார். எவ்வளவு தூள் என்று கேட்டால், "ரொட்டி மா மாதிரி" என்பார். உம்மாவின் ரொட்டியா, மூத்தம்மாவின் ரொட்டியா என்பது கேட்கக் கூடாத கேள்வி. எந்த வடியாக இருந்தாலும், எந்தக் கோப்பையாக இருந்தாலும் ஒரு தடவை பசைக்கு வந்தால் திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது. அடையாளத்துக்குச் சிவப்பு நகப்பூச்சில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம்.

சுப்பர் குளூவைக் கலக்கத் தேவையில்லை. காற்றிலுள்ள ஈரமே அதை இறுக வைக்கும், மாரியில் இன்னும் வேகம். போத்தல் மூடியில் ஒரு சொட்டு விட்டு, காதை வெட்டிய தையலூசியால் தொட்டு வைத்தால் குழாயை நேரே அழுத்துவதில் பத்தில் ஒரு பங்குதான் செலவாகும். சிறு இடைவெளியில் அப்பச்சோடாவைத் தூவி அதன்மேல் ஒரு சொட்டு விட்டால் உடனே கல்லாகும். பஞ்சால் மட்டும் துடைத்துவிடாதீர்கள். பஞ்சில் பட்டால் கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும். இந்தப் பசையின் இரசாயனத்தை அமெரிக்காவில் ஹரி கூவர் என்பவர் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்ரிக் தேடியபோது கண்டிருக்கிறார். எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறது, தொல்லை என்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1958இல்தான் விற்பனைக்கு வந்தது. அவர் கண்டதும் 1942இல்தான், ஹேர்மிஸ் மூழ்கிய அதே வருடம். வாப்பாவிடம் சொன்னேன். "அப்ப கப்பலும் பசையும் ஒரே வயசு" என்று கணக்கைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டார்.

நம் வீடுகளில் இந்தப் பசையால் இன்னொரு சிக்கல் உண்டு. விரலில் காய்ந்தால் தோலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் படலமாக நிற்கும், வுழூ எடுக்க முன்னர் நீக்க வேண்டும். நகப்பூச்சு அகற்றும் அசிற்றோன் அதைக் கரைக்கும். அதைவிட நல்லது முதலிலேயே கையுறை போடுவது. அரல்டைட்டுக்கும் கையுறை வேண்டும், சிலருக்குத் தோல் ஒவ்வாமை வரும். வாப்பாவின் வலது விரல்களில் உணர்வு இன்னும் முழுதாக வரவில்லை, பசை பட்டாலும் அவருக்குத் தெரியாது. ஆகவே வேலை முடிந்ததும் அந்தக் கையை நான் வெளிச்சத்தில் பிடித்து, விரல் விரலாகப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன். உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா என்று கேட்கிறவர்கள் உண்டு. சுபஹுக்குப் பிறகு நாற்பது நிமிடம். அதற்குமேல் உம்மா விடுவதில்லை.

மேல்தளம் முடிந்துவிட்டது. மூன்று கால்களுள்ள பெரிய கொடிமரம்தான் இப்போது நடக்கிறது. மூன்று கம்பியும் ஒரே உயரத்தில் சந்திக்க வேண்டும், பசை இறுகும்வரை வாப்பா அசையாமல் பிடிக்க வேண்டும். குழாய்களை இப்போது அவரே பிதுக்குகிறார். பிசின் ஒரு கோடு, அதன் பக்கத்தில் மற்றது ஒரு கோடு. வலது கையால் போடும் கோடு வளைந்து வளைந்து போகும். நூல் வைத்து அளந்து பார்த்தேன், நீளம் சரி.

இந்த மாதம் மருந்துக் கடையில் பிரஷர் குளிசையை வேறு மட்டையில் கொடுத்திருக்கிறார்கள். மருந்து அதேதான், குழி சின்னது. வாப்பா இரவுக் குளிசையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, மட்டையை மின்குமிழுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல ரெண்டு குழி வேணும் மகள்" என்றார்.