உழைக்கும் மிஸ்கீன்கள்



ஷஃபான் பிறை தென்பட்டதும் கம்பம் பள்ளத்தாக்கில் நம் மஹல்லாக்கள் ஒரு பட்டியல் எழுதத் தொடங்கிவிடும். ரமளானில் ஜகாத்தும் ஃபித்ராவும் யார் யாருக்குச் சேர வேண்டும் என்னும் பட்டியல் அது. கணவரை இழந்த பெண்கள், நோயாளிகள், பிள்ளைகளற்ற முதியோர், திருமண வயதில் மகளை வைத்திருப்போர் என்று வரிசை அமையும். அவர்கள் அனைவரும் உரியவர்களே. ஆயினும் ஒரு கூட்டத்தாரின் பெயர் அதில் பெரும்பாலும் இருப்பதில்லை. கணவனும் மனைவியும் உடல் நலத்தோடு இருந்து, இருவரும் வேலைக்குப் போய், அப்படியும் மாதக் கடைசியில் மளிகைக் கடைப் பாக்கியைத் தீர்க்க இயலாத குடும்பங்கள் அவை. "அவர்களுக்கென்ன, சம்பாதிக்கிறார்களே" என்ற ஒரே சொல்லில் அப்பெயர்கள் விடுபட்டுவிடுகின்றன.

அந்தச் சம்பாத்தியம் எத்தகையது என்று சற்றுப் பார்ப்போம்.

நம் பகுதியின் கூலி வேலையில் பெரும்பங்கு மலைக்கு மேலே இருக்கிறது. போடியிலிருந்து போடிமெட்டு வழியாகவும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகவும், கூடலூரிலிருந்து குமுளி வழியாகவும் விடியலுக்கு முன்பே ஜீப்புகள் ஏறுகின்றன. வண்டன்மேடு, ஆனக்கரா, நெடுங்கண்டம், உடும்பஞ்சோலை என்று இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள் நம் பெண்களின் கைகளை நம்பியிருக்கின்றன. ஏலக்காய் ஒரே தடவையில் பறித்து முடிக்கும் பயிரன்று. செடியின் அடித்தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில் காய்கள் முன்பின்னாக முற்றும். ஒன்றரை மாதத்திற்கு ஒரு முறை குனிந்து, முற்றிய காயை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். அட்டைக் கடியும் மழையும் இடுப்பு வலியும் அந்த வேலையோடு பிறந்தவை. காய் எடுப்பு ஆடி, ஆவணியில் சூடுபிடித்துத் தை, மாசி வரை நீளும். அதன்பின் தோட்டத்தில் வேலை அடியோடு நின்றுவிடுவதில்லை; ஆனால் பத்துப் பேரை அழைத்த இடத்தில் மூவரை அழைப்பார்கள்.

ஒரு பேச்சுக்கு நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காய் எடுப்புக் காலத்தில் மாதம் 24 நாள் வேலை கிடைத்தால் 12,000 ரூபாய். பங்குனி, சித்திரையில் அதே பெண்ணுக்கு மாதம் 8 நாள் கிடைத்தால் 4,000 ரூபாய். வீட்டு வாடகை இரண்டு மாதத்திலும் ஒன்றே. நம் பட்டியல் எழுதுவோர் விசாரிக்கும்போது கேட்பது நாள் கூலி எவ்வளவு என்றுதான். எத்தனை நாள் என்று கேட்பவர் அரிது. இப்பள்ளத்தாக்கின் வறுமை கூலியின் அளவில் இருப்பதைவிட நாள்களின் எண்ணிக்கையில்தான் ஒளிந்திருக்கிறது.

2019 ஆகஸ்டில் புற்றடி மின்னணு ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. கம்பத்திலும் போடியிலும் அன்று பேச்செல்லாம் அதுவாகவே இருந்தது. தோட்டக் கூலிகளும் செழித்துவிட்டார்கள் என்று கருதியவர்கள் உண்டு. உண்மையில் விலை ஏறியதே காய் இல்லாததால்தான். 2018 ஆகஸ்டு வெள்ளம் இடுக்கித் தோட்டங்களைக் குலைத்தது. அடுத்து வந்த வறட்சி மிச்சத்தைக் கருக்கியது. காய் இல்லாத செடியில் எடுக்க ஆள் எதற்கு? சில ஆண்டுகளில் விலை 1,000 ரூபாய்க்கும் கீழே சரிந்தபோது காய் இருந்தது, கூலியை உயர்த்தித் தர முதலாளிக்கு மனமில்லை. 2024 கோடையின் கடும் வெப்பத்தில் மறுபடியும் செடிகள் காய்ந்தன. ஏற்றத்திலும் இறக்கத்திலும் இடி வாங்குவது ஒரே முதுகு.

எல்லை என்பதும் ஒரு தொல்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோது, காய் எடுப்பின் உச்சத்தில், மலைக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் அஞ்சி ஓடி வர நேர்ந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சாலைகள் மூடப்பட்டன. இப்போது வடமாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர்கள் தோட்டங்களிலேயே தங்கி வேலை செய்கின்றனர். அவர்கள் மீது நமக்கு மனவருத்தம் ஏதுமில்லை, அவர்களும் நம்மைப் போல் வயிற்றுக்காக வந்தவர்களே. எனினும் ஜீப்பில் போய் வருவோரின் நாள்கள் அதனாலும் குறைகின்றன.

கீழே, பள்ளத்தாக்கில் வேலையே இல்லையா என்று வெளியூர்ச் சொந்தங்கள் கேட்பதுண்டு. பெரியாற்று நீர் பாயும் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் இருக்கிறது. 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இருக்கிறது. சின்னமனூர்ப் பக்கம் வாழை இருக்கிறது. போடி ஸ்டோர்களில் ஏலக்காயைத் தரம் பிரிக்கும் வேலை இருக்கிறது. நம் சமுதாயத்தில் நிலமுடையோர் சிலர், வணிகர் பலர், அவர்களிடம் வேலை பார்ப்போர் மிகப் பலர். சுமை தூக்குவோர், ஜீப் ஓட்டுவோர், தையற்காரர், பரோட்டாக் கடையில் மாவு பிசைவோர் ஆகியோரின் வருமானமும் மலைத்தோட்டத்தின் பருவத்தையே பின்தொடர்கிறது. ஏலக்காய்ப் பணம் புழங்காத மாதத்தில் துணிக்கடையிலும் ஈ ஓட்டுவார்கள்.

இவ்விடத்தில் சட்டத்தின் ஒரு விசித்திரத்தையும் சொல்லியாக வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தேனி மாவட்டத்தின் 12,45,899 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் நகர்வாசிகள். பெரிய ஆலைகள் வந்து குவிந்ததால் உண்டான நகரங்களா இவை? நம் ஊர்கள் நகராட்சி, பேரூராட்சி என்று பெயர் பெற்றிருக்கின்றன, அவ்வளவுதான். 2005 ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டமோ ஊரகத்துக்கு மட்டுமே எழுதப்பட்டது. ஆகவே ஏதோ ஓர் ஊராட்சியில் வசிக்கும் தோட்டத் தொழிலாளிக்கு நூறு நாள் வேலை அட்டை கிடைத்தது. கம்பம் நகராட்சியிலோ உத்தமபாளையம் பேரூராட்சியிலோ வசித்து, அதே ஜீப்பில் அதே தோட்டத்துக்குப் போகும் பெண்ணுக்கு அது இல்லை. செய்வது வேளாண் கூலி, பதிவேட்டில் நகரவாசி. நம் முஸ்லிம் மக்கள் பெரும்பாலும் ஊருக்குள் பள்ளிவாசலைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் என்பதால் இந்த இழப்பு நம்மை அதிகமாகத் தாக்குகிறது. நகர்ப்புற வேலைவாய்ப்புக்கென்று தமிழக அரசு பின்னர் ஒரு திட்டத்தை முன்னோடியாகத் தொடங்கியது. அது சில இடங்களுக்கு மட்டுமே.

சென்ற ரமளானில் பட்டியலுக்காக நாங்கள் சென்ற வீடுகளுள் ஒன்றில், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தாய், முறம் நிறைய அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அன்று ஜீப் வரவில்லை. பெயர் எழுதட்டுமா என்று கேட்டபோது அவர் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "வேணாம் தம்பி. கையும் காலும் நல்லாத்தானே இருக்கு. இல்லாதவுகளுக்குக் கொடுங்க" என்றார். உள்ளே அடுப்பு எரியவில்லை. நோன்பு நாள் ஆதலால் அதற்கு ஒரு காரணமும் இருந்தது; மற்ற நாள்களில் என்ன காரணம் சொல்வார் என்று நாங்கள் கேட்கவில்லை.

கேட்பவரே ஏழை என்று நாம் பழகிவிட்டோம். நபி (ஸல்) அவர்களோ வேறு விதமாக வரையறுத்தார்கள். ஒன்றிரண்டு கவளம் பெற்று வீடுவீடாகச் சுற்றுபவன் மிஸ்கீன் அல்லன். தேவைக்குப் போதுமானது இல்லாமலும், பிறர் அதை உணர்ந்து தருமம் செய்ய வழியில்லாமலும், தானாக எழுந்து நின்று கேட்காமலும் இருப்பவனே மிஸ்கீன் என்னும் கருத்தில் அமைந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஸூரத்துல் கஹ்ஃபில் மூஸா (அலை), கிள்று (அலை) வரலாற்றை நாம் வெள்ளிக்கிழமைதோறும் ஓதுகிறோம். அங்கே துளையிடப்பட்ட கப்பல் யாருடையது? கடலில் உழைத்துக்கொண்டிருந்த மிஸ்கீன்களுடையது என்று இறைவன் கூறுகிறான். அவர்கள் பிச்சை எடுத்தவர்கள் அல்லர், தொழில் செய்தவர்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) இவ்வசனத்தைக் கொண்டே மிஸ்கீனிடம் ஓரளவு உடைமை இருக்கக்கூடும் என்று முடிவு செய்தார்கள். ஹனஃபி அறிஞர்கள் அக்கப்பலை அவர்கள் வாடகைக்கோ இரவலாகவோ வைத்திருந்தனர் என்று விளக்குவர். கப்பல் எவருடையதாயினும், அவர்கள் உழைத்தார்கள் என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நம் பள்ளத்தாக்கின் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், உடல் நலத்தோடு சம்பாதிப்பவராயினும் அடிப்படைத் தேவைக்கு மேல் நிஸாப் அளவுக்குச் சொத்து இல்லாதவர் ஜகாத் பெறலாம். ஷாஃபிஈ மத்ஹபிலும் சம்பாத்தியம் போதாதவருக்கு வழி திறந்தே இருக்கிறது. காதுத் தோட்டையும் கையிருப்பையும் எவ்வாறு சேர்த்துக் கணக்கிடுவது என்பதில் நுணுக்கங்கள் உண்டு; அவற்றை அந்தந்த ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும். ஆனால் "வேலைக்குப் போகிறார்" என்பது மட்டுமே பெயரை அடிக்கக் காரணமாகாது.

யாசித்து வந்த அன்ஸாரித் தோழரின் போர்வையையும் குவளையையும் நபியவர்கள் இரண்டு திர்ஹமுக்கு ஏலம் விட்டு, கோடரி வாங்கச் செய்து, விறகு வெட்ட அனுப்பிய செய்தியை மிம்பர்களில் அடிக்கடி கேட்கிறோம். உழைத்துப் பிழை என்பதற்கு அது எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும். கோடரிக்குத் தம் கையாலேயே காம்பு பொருத்திக் கொடுத்தார்கள் என்பதும், இரண்டு திர்ஹமில் ஒன்றை முதலில் குடும்பத்தின் உணவுக்கு ஒதுக்கினார்கள் என்பதும் அதே செய்தியில்தான் உள்ளன. அவை ஏனோ விரைவாகக் கடந்துவிடப்படுகின்றன. நம் ஏலத்தோட்டப் பெண்ணிடம் கோடரி இருக்கிறது. வெட்ட மரம்தான் ஆண்டில் நான்கு மாதம் இல்லை.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். கடந்த சில ஆண்டுகளாக ரமளான் கோடையை ஒட்டி வந்தது. 2018 இல் மே நடுவில் தொடங்கியது, 2023, 2024 இல் மார்ச்சில் தொடங்கியது. வேலை வற்றிய மாதங்களில் நம் ஜகாத் போய்ச் சேர்ந்தது அல்லாஹ்வின் ஏற்பாடு. பிறை ஆண்டு ஒவ்வோர் ஆண்டும் 10, 11 நாள் முன்னே நகர்கிறது. 2030 இல் ஜனவரியிலும் டிசம்பர் இறுதியிலுமாக இரு முறை ரமளான் பிறை காண்போம், இன்ஷா அல்லாஹ். அதற்குப் பின் ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் ரமளான் காய் எடுப்புக் காலத்துக்குள்ளேயே சுற்றி வரும். அப்போது கையில் கூலி இருக்கும் மாதத்தில் சேலையும் பணமும் வீடு தேடி வரும். பங்குனியில் ஒன்றும் வராது. ரமளானில்தான் ஜகாத் கொடுக்க வேண்டும் என்று மார்க்கம் விதிக்கவில்லை. அவரவர் செல்வத்துக்கு ஓராண்டு நிறைவதே கணக்கு. நிஸாப் உடையவர் முன்கூட்டியே, தவணையாகவும் கொடுக்கலாம் என்பது ஹனஃபி, ஷாஃபிஈ உள்ளிட்ட பெரும்பான்மை அறிஞர்களின் தீர்ப்பு. ரமளானின் நன்மையை நாடுவோரைத் தடுக்க நாம் யார்? ஆனால் ஜகாத்தில் ஒரு பகுதியையேனும் வேலையற்ற மாதங்களுக்கு முன்தவணையாகக் கொடுக்க ஏற்பாடு செய்வது மஹல்லாவுக்கு இயலாத காரியமன்று. 1956 இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியை எழுப்பிய ஊர் இது. தலைமுறைக்குப் பயன்படும்படி கொடுக்கத் தெரிந்த மண்ணுக்கு நான்கு மாதத்தைக் கணக்கிடத் தெரியாமலா போகும்?

நம்மில் வேலை கொடுப்போரும் உள்ளனர். அவர்களுக்கு ஒன்று: பெருநாளைக்குக் கடைப் பையனுக்குக் கொடுக்கும் பணத்தை, அவன் ஊதியத்தின் ஒரு பகுதியாகவோ போனஸாகவோ எதிர்பார்த்திருந்தால், ஜகாத் கணக்கில் எழுத இயலாது. கூலி அவனுடைய உரிமை. வியர்வை உலருமுன் கொடுக்கச் சொல்லப்பட்டது அதுதான்.

வேலையற்ற மாதங்களில் நம் பெண்கள் எங்கே போகிறார்கள் என்பது எல்லோரும் அறிந்ததே. வாரக் குழுக் கடன், நகை அடகு, அறிந்தவரிடம் கைமாற்று. குழுக் கடன் வசூலிக்க வருபவர் தெருமுனையில் வண்டியை நிறுத்தினாலே சில வீடுகளின் கதவு சாத்தப்படும். வட்டியின் தீமை குறித்து நம் பள்ளிகளில் எத்தனையோ பயான்கள் நடக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். பங்குனி மாதத்து அரிசிக்கு வட்டியில்லாப் பணம் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்குப் பயானில் விடை இருப்பதில்லை. பைத்துல்மாலில்தான் இருக்க முடியும்.

அரிசியில் கல் பொறுக்கிய அந்தத் தாய் கடைசி வரை பெயர் எழுதச் சம்மதிக்கவில்லை. ஜகாத் அல்லாத சதகா நிதியிலிருந்து கர்ளுல் ஹஸனாவாக, வட்டியின்றி, 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். எப்போது திருப்பித் தர முடியும் என்று எங்களில் ஒருவர் கேட்டார். "ஜீப்பு தினமும் வர ஆரம்பிக்கட்டும்" என்றார். ஆவணி இரண்டாவது வாரம் 1,000 ரூபாய் வந்தது. மிச்சம் நான்கு தவணை.