நீதிபதி குறித்த தேதி

‘பவுல்ஸ் எதிர் ரஸல்’ என்ற பெயரைக் கேட்டால், அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் மேல்முறையீடு நடத்தும் என் போன்றவர்களுக்கு இன்றும் மனம் கசக்கும். ஒஹாயோ மாநில நீதிமன்றத்தில் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஒருவர், கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். 2003 செப்டம்பரில் அது தள்ளுபடியானது. மேல்முறையீட்டுக்கு உரிய 30 நாளும் கடந்துவிட்டது.

தீர்ப்பு வந்த தகவல் உரிய காலத்தில் கிடைக்காதவருக்கு மறுவாய்ப்புத் தர ஒரு சட்டப்பிரிவு உண்டு. ஆனால், அனுமதித்த நாளிலிருந்து 14 நாள்தான். 2004 பிப்ரவரி 10 அன்று அனுமதி தந்த நீதிபதி, காரணம் ஏதும் சொல்லாமல் 17 நாள் கொடுத்து, பிப்ரவரி 27 என்று உத்தரவிலேயே தேதி குறித்தார். வழக்கறிஞர் 26-ஆம் தேதி தாக்கல் செய்தார். நீதிபதியின் கணக்கில் ஒரு நாள் முன்னதாக. சட்டத்தின் கணக்கில் இரண்டு நாள் தாமதமாக. அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டியிருக்க வேண்டாமா என்று கேட்டால், வேண்டும்தான். ஆனால் நீதிபதி கையெழுத்திட்ட தேதியையே சந்தேகிக்க எந்த வழக்கறிஞரும் பழகியிருப்பதில்லை.

ஆறாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. 2007-இல் உச்ச நீதிமன்றமும் 5-க்கு 4 என்ற கணக்கில் அதையே உறுதி செய்தது. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பு, கூட்டாட்சி நீதிமன்ற அமைப்பின் அடித்தளத்தில் நின்று பேசியது. அரசியல் சாசனம் தானே நிறுவியது உச்ச நீதிமன்றம் ஒன்றைத்தான். அதற்குக் கீழே உள்ள 94 மாவட்ட நீதிமன்றங்களும் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் காங்கிரஸ், அதாவது அந்நாட்டு நாடாளுமன்றம், சட்டம் போட்டு உண்டாக்கியவை. எந்த வழக்கை எதுவரை ஏற்கலாம் என்று வரையறுப்பதும் காங்கிரஸே. அது 14 என்று எழுதியிருக்க, 17 என்று நீட்டும் அதிகாரம் மாவட்ட நீதிபதிக்குக் கிடையாது. இல்லாத அதிகாரத்தை இரக்கம் காட்டி உண்டாக்கவும் முடியாது.

நீதிமன்றத்தின் வார்த்தையை நம்பித் தவறியவர்களைக் காப்பாற்ற 1962-லும் 1964-லும் இதே நீதிமன்றம் தந்திருந்த இரண்டு தீர்ப்புகளும் இதனால் ரத்தாயின. நீதிபதி டேவிட் சூட்டர் மாறுபட்ட தீர்ப்பில் கொதித்துப்போய் எழுதினார்: காலக்கெடு வேறு, அதிகார வரம்பு வேறு, தவறான தேதியைத் தானே கொடுத்துவிட்டு, நம்பியவரை நீதிமன்றம் இப்படி நடத்துவது பொறுக்க முடியாதது. நான் அவர் பக்கம். ஒரு நீதிமன்றம் தனக்கு உரிமையில்லாத வழக்கை எடுத்தால் இன்னொரு நீதிமன்றத்தின் அதிகாரம் பறிபோகிறது. மூன்று நாள் கூடுதலாகத் தந்ததில் யாருடைய அதிகாரம் பறிபோனது?

விதி கடுமையானது என்றால் காங்கிரஸ் மாற்றிக்கொள்ளட்டும் என்றது பெரும்பான்மை. காங்கிரஸ் மாற்றவில்லை. அந்தக் கைதியின் தண்டனையில் பிழை உண்டா என்ற கேள்விக்குள் மேல்முறையீட்டு நீதிமன்றம் நுழையவே இல்லை.