நானாவின் விலாநோவு

வீட்டில் யாராவது விலாப்பக்கம் நோகிறது என்று வருஷக்கணக்கில் சொன்னால், வாயு என்று விட்டுவிடாமல் ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

என் மூத்த நானாவுக்கு எடுத்தபோது இரண்டு சிறுநீரகங்களிலும் முந்திரிக் குலைபோல நீர்க்கட்டிகள். இது பரம்பரை நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒன்று என்ற அளவுக்கு வர இடமுண்டு. வாப்பா சிறுநீரகம் பழுதாகி மௌத்தான காரணம் அன்றுதான் விளங்கிற்று. நாங்கள் நால்வரில் இருவருக்கு இருந்தது. எனக்கில்லை.

சாதாரணச் சிறுநீரகம் சுமார் 150 கிராம். இந்நோயில் அது கிலோக்கணக்கில் பருத்து, மேலுறையை இழுத்து, பக்கத்து உறுப்புகளையும் நெருக்கும். நானாவால் ஸுஜூதுக்குக் குனிய முடியவில்லை; கதிரையில் இருந்தே தொழுதார். டைக்ளோபெனக், இபுப்ரூபன் போன்ற நோவு மாத்திரைகள் சிறுநீரகத்தையே கெடுக்கும் என்று அவற்றையும் வைத்தியர் நிறுத்திவிட்டார்.

பெரிய கட்டி ஒன்றிரண்டென்றால் ஊசியால் நீரை இழுத்து, உள்ளே மதுசாரம் செலுத்தி வற்றச் செய்வார்களாம். நானாவுக்கோ எண்ண முடியாதவை. ஆகவே வயிற்றில் சிறு துளைகளிட்டு, கமரா வழியே பார்த்து, மேலாக உள்ள கட்டிகளின் கூரையை வெட்டிவிடும் சத்திரசிகிச்சையைச் சொன்னார்கள். இது புதிய யோசனை அல்ல. டென்மார்க்கின் றொவ்சிங் என்ற வைத்தியர் 1911இலேயே உடலைத் திறந்து கட்டிகளை உடைத்தார். சிறுநீரகம் கெடும் என்ற பயத்தில் 1950களில் கைவிட்டு, 1980களில் மீண்டும் கையிலெடுத்தார்கள்.

"நோவு குறையும், நோய் போகாது" என்றார் வைத்தியர், ஒளிக்காமல்.

"அப்ப எதுக்கு வெட்டணும்? முழுசா எடுத்துப் போடலாமே" என்றா மதினி. வேலை செய்கிற சிறுநீரகத்தை எடுத்தால் டயலிசிஸ் சீக்கிரம் வந்துவிடும். அது கடைசி வழி என்று விளக்கினார்.

நானா ஒன்றுதான் சொன்னார்: "ஒரு ராவைக்கு நிம்மதியாத் தூங்கினாப் போதும்."

சத்திரசிகிச்சை நடந்தது. மூன்று வருஷம் தூங்கினார், ஸுஜூதும் செய்தார். இப்போது இடப்பக்கம் மெல்ல நோகத் தொடங்கியிருக்கிறது, புதுக் கட்டிகள் வளர்கின்றன. மீண்டும் செய்வோமா என்று கேட்டால் தயங்காமல் ஓம் என்கிறார்.

அவருடைய மூத்த மகனுக்கு இருபது வயது. ஸ்கேன் எடுக்க மதினிக்கு மனம் வரவில்லை. மாதாமாதம் பிரஷர் மட்டும் பார்க்கிறா.